அப்பா வாங்கிய கிட்டாரின் பிக்கப்

நீடாமங்கலத்தில் ரயில் நின்றபோது அக்கா எதிர் சீட்டில் இருந்த தம்பியிடம் கேட்டாள்.

“அப்பா கிட்டாரோட வயித்தைத் திறந்துட்டியாமே?”

“ஆமாக்கா. சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பைக் கழட்டிட்டேன். டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர் சொன்னாரு. தஞ்சாவூர்ல புதுசு வாங்கிப் போட்டுடலாம்.”

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினான். அவள் உள்ளே இருந்த பிக்கப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

“வயர்ல துணி சுத்தியிருக்கு. இப்பச் செஞ்ச டூப்ளிகேட்டுன்னா பிளாஸ்டிக்ல இருக்கும். பத்தவச்ச ஈயமும் மங்கிப் போயிருக்கு, உனக்கு முன்னாடி யாரும் கை வைக்கலடா. ஐயோ, அடியில பென்சில்ல வருஷம் எழுதியிருக்கு! கிட்டார் கழுத்தைக் கழட்டிப் போட்டோ எடுத்தியே, அதுல என்ன வருஷம் எழுதியிருக்கு?”

போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் எழுந்தே நின்றுவிட்டான்.

“அதே வருஷம்க்கா! ஒரிஜினல்!”

“முதல்ல அப்பாவுக்குப் போன் போடு. போலி கிட்டாரை வாங்கி ஏமாந்துட்டாருன்னு ஊரே சிரிச்சுது. அப்பவும் அவரு அதை விக்கல.”