இரண்டாவது பெயர்

எக்செல் தெரியும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கட்டம் போட்டுக் கூட்டத் தெரிந்தால் போதும் என்று நினைப்பு. மேக்ரோ வேறு. அட்டவணைக்குப் பின்னால் நாம் எழுதி வைக்கும் கட்டளை அது. பொத்தானை அழுத்தினால் சொன்னதைச் செய்யும், முகம் பார்க்காது.

2001இல் எங்கள் தர்ம ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பட்டியலை அப்படித்தான் அமைத்தேன். நோயின் கடுமைக்கு இவ்வளவு மதிப்பெண், காத்திருந்த நாளுக்கு இவ்வளவு. திங்கள்தோறும் முதலில் வரும் பெயருக்கு ஓர் இடம்.

ரெகார்டு செக்‌ஷனில் இளஞ்செழியன் என்பவர் இருந்தார். கும்பகோணத்துக்காரர், டெல்லியில் முனிர்காவில் குடியிருந்தார். பட்டியலைப் பெரிய டாக்டரிடம் காட்டிய அன்று, "தம்பி, பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருக்கீங்களே," என்றார். டாக்டர் சிரித்தார். அறையே சிரித்தது. இளஞ்செழியன் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றே திருத்திக் கொடுத்தேன்.

மறு வருடம் அவர் மனைவி பொன்னிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. செப்டம்பரில் பட்டியலின் தலைக்கு வந்தார். நான் மேக்ரோவில் நான்கு வரி சேர்த்தேன். பொன்னி முதலில் வந்தால் அவரையும் அடுத்தவரையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு பொங்கலுக்கு அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

அடியில் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இளஞ்செழியன் எப்படியாவது வேறு ஆஸ்பத்திரி தேடியிருப்பார். இரண்டாவது இடத்தில் இருப்பவர் எங்கும் போகமாட்டார்.

இளஞ்செழியன் ஒவ்வொரு திங்களும் என்னிடம் வந்தார். "அடுத்த வாரம் கண்டிப்பா சார்," என்பேன். "அச்சா, அச்சா," என்று தலையாட்டிக்கொண்டு போவார். வெளியே காசு கொடுத்துப் பத்து நாளைக்கு ஒரு முறைதான் பொன்னிக்கு டயாலிசிஸ் செய்ய அவரால் முடிந்தது.

ஏழாவது வாரம், "ஃபார்முலாவை ஒரு தடவை பாத்துக்கட்டுமா தம்பி?" என்றார். நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்கார வைத்தேன். கட்டம் கட்டமாகப் பார்த்தார். கட்டங்களில் பிழை இல்லை. மேக்ரோவைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க," என்றார். அவருக்கு டீ சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

பதினோராவது வாரம் பொன்னி இறந்தார். லோதி ரோடு மயானத்தில் என் தோளில் சாய்ந்து இளஞ்செழியன் அழுதார். "நீங்க உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க," என்றார். நான் மறுக்கவில்லை.

போன மாதம் பட்டியலைப் புது மென்பொருளுக்கு மாற்ற ஜூலியா என்ற பெண் வந்தாள். பூட்டை உடைத்து அந்த நான்கு வரிகளைப் படித்தாள். ஏன் அழிக்கவில்லை என்று இந்த விசாரணையில் நீங்கள் கேட்கிறீர்கள். பிழையில்லாத வரிகள், அழிக்க மனம் வரவில்லை.

ஆம், நான்தான் எழுதினேன். ஆனால் அந்தப் பதினோரு திங்களில் பதினோரு பேருக்கு இடம் கிடைத்தது. ஒன்பது பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நீங்கள் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரிக்கவில்லையே.