செல்லப்பாக்கியம் அம்மாவின் பாட்டுப் பெட்டி

கூலாயில் இரும்புச் சாமானைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை, சார். மழை நின்றாலும் ஈரம் நிற்பதில்லை. அந்தக் கிராமபோன் என் கைக்கு வந்தபின் அதன்மேல் ஒரு புள்ளி துரு கிடையாது. நேற்று உங்கள் ஆட்கள் அதைக் குழலைப் பிடித்துத் தூக்கினார்கள். அப்படித் தூக்கக் கூடாது. அடிப்பெட்டிக்குக் கை கொடுக்க வேண்டும். தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

என் பெயர் ஐயாசாமி. முப்பத்தொரு வருடம் அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் இன்னும் டிரெசர் என்றுதான் கூப்பிடுவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட, பிரஷர் பார்க்க, யார் கூப்பிட்டாலும் போவேன். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் செருப்புகளை அடுக்கி வைப்பேன். மனிதனால் செய்ய முடிந்தது சின்னச் சின்ன உதவிதான், பெரியதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்பது என் நம்பிக்கை. இன்றும் அதில் மாற்றம் இல்லை.

செல்லப்பாக்கியம் அம்மா எங்களுக்குப் பின் வரிசையில் இருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். கணவர் குகநாதன் ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து காலமானவர். பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, சர்க்கரை நோய், கண்ணும் முக்கால்வாசி போய்விட்டது. நான்கு வருடமாகக் காலை ஏழு மணிக்குப் போய் இன்சுலின் போட்டுவந்தது நான்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து கணவனும் மனைவியும் அந்தப் பெட்டியில் ஒரு முருகன் பாட்டைக் கேட்காமல் வாயில் தண்ணீர்கூட விட்டதில்லை. அவர் போன பிறகும் அம்மா அதை விடவில்லை. ஆகவே ஊசி போட்டு முடித்ததும் நான் பெட்டிக்குச் சாவி கொடுப்பேன். இசைத்தட்டைத் துடைத்து, பெட்டியின் ஊசியை மாற்றி, மெல்ல இறக்குவேன். ஒரு பக்கம் ஓடினால் அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டை அரித்துவிடும். பாட்டு மூன்று நிமிடம். அது முடிந்ததும் அம்மா கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

முதலில் எனக்கு அதுவும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைப்பிடியின் இறுக்கம் என் உள்ளங்கையில் இருக்கும். அதற்கென்று தனி கிரீஸ் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது அவளுக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாக எதுவும் செய்ததில்லை. அம்மாவுக்கு இது புரிந்திருந்தது. ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"தம்பி, நான் கண்ணை மூடினாப் பிறகு இது உமக்குத்தான். விஜிதாவிட்டையும் சொல்லிப்போட்டன். அதுவரைக்கும் காலமையிலை எனக்கு வேணும், என்ன?"

நான் அழுதுவிட்டேன், சார்.

விஜிதா அவருடைய தங்கை மகள். மெல்பர்னில் இருக்கிறாள். இந்த மார்ச்சில் போன் செய்து, பெரியம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். பெட்டியும் கூட வர வேண்டும் என்றார் அம்மா. தன் காலத்துக்குப் பின் விஜிதா அதைப் பத்திரமாக எனக்கு அனுப்பி வைப்பாள் என்று சமாதானமும் சொன்னார். நல்ல மனசு. ஆனால் விமானத்தில் ஏற்றும் சாமானை எப்படி எறிவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். போய்ச் சேர்ந்தாலும் அதை ஹாலில் ஒரு மூலையில் நிறுத்தி, மேலே பூச்சாடி வைப்பார்கள். கிரீஸ் காய்ந்து, அது ஊமையாகிப் போகும். புறப்பட இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஸ்பிரிங் அறுந்துபோகும் நிலையில் இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அது ஒரு திங்கட்கிழமை மாலை. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வழக்கம்போல இன்சுலின் போட்டேன். பாட்டுக் கேட்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று அம்மா கேட்டார். சாப்பிடுங்கள் என்றேன். ஒரு முறை சொன்னேன். இன்சுலின் போட்டவர் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சார்.

அன்று நான் வந்த பிறகு லோஷினி அங்கே போயிருக்கிறாள். அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண், செனாயில் ஃபேக்டரி வேலை, இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறவள். அம்மா வியர்வையில் நனைந்து நாற்காலியில் சாய்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். காரணத்தைக் கேட்டுக்கொண்டு, யூனிஃபார்மோடு நின்று தானே அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறாள். தினமும் சுவர் வழியாகக் கேட்டதில் அவளுக்கு மனப்பாடம். அம்மா மூன்று இட்லி சாப்பிட்டாராம். சாயங்காலம் மளிகைக்கடை வாசலில் என்னைப் பார்த்து அவளே இதைச் சொன்னாள்.

"என் குரலைக் கேட்டா யாருக்கா இருந்தாலும் பயம் வரும் லா, டிரெசர் அங்கிள். இன்னொரு தடவ பாடிடப் போறேன்னு பாட்டி சீக்கிரம் சாப்பிட்டாங்க. நாளைக்கும் வந்து பாடுறேன்னு சொல்லியிருக்கேன்."

"உண்மைதான்மா," என்றேன். "அவங்களுக்கு அது கஷ்டமா இருந்துச்சாம். சாமி பாட்டு, இப்படிப் பாடலாமான்னு வருத்தப்பட்டாங்க. உங்கிட்ட சொல்ல மாட்டாங்க, எங்கிட்ட சொன்னாங்க."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. சரி அங்கிள், நான் போகல என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த ரொட்டியை வாங்காமலே போனாள். அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொன்னது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை அம்மா தெம்பாக இருந்தார். இன்சுலின் போட்டேன், டாக்டர் எழுதிய அளவுதான், ஒரு சொட்டுகூடக் கூட்டவில்லை. நான் பையை மூடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி எப்ப வரும்?"

"எட்டு மணிக்குள்ள கொண்டாந்துடுறேன்மா."

"அப்ப காத்திருக்கிறன். உமக்கொரு நல்ல சேதி வைச்சிருக்கிறன் தம்பி. பெட்டியோட வாரும், சொல்லுறன்."

வீட்டுக்குப் போனேன். புது ஊசி மாட்டி அந்தப் பாட்டைப் போட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. ஏழரை மணிக்கு லோஷினி மோட்டார் சைக்கிளில் வந்தவள், பாட்டுச் சத்தம் கேட்டு வேகத்தைக் குறைத்தாள். ரிப்பேர் முடிந்துவிட்டது, இனி அம்மா சாப்பிட்டுவிடுவார் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் நினைத்திருப்பாள். தூக்கக் கண்ணோடு எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று காலை அந்தப் பாட்டை நான் ஐந்து முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் ஊசியை மாற்றினேன். பதினொரு மணிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். நாடி பார்த்தேன். கண்ணை மூடிவிட்டேன். நானே விஜிதாவுக்குப் போன் செய்தேன்.

அந்த நல்ல சேதி என்ன என்று காரியத்தன்று விஜிதா சொல்லித்தான் தெரிந்தது. செவ்வாய் இரவே அம்மா அவளுக்குப் போன் செய்திருக்கிறார். ஆர் பாடினாலும் முருகன் கேப்பார்தானே, லோஷினியின் பாட்டைப் போனில் பதிந்து கொண்டுவந்தால் போதும், பெட்டியை இப்பவே ஐயாசாமியிடம் குடுத்திட்டு வாறன் என்றாராம். விஜிதா இதைச் சொல்லி அழுதுகொண்டே பெட்டியின் பழைய ரசீதையும் என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

நான்தான் கொன்றேனா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அம்மாவை நான் பட்டினி போட்டேன் என்று லோஷினியின் வாக்குமூலத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார். அன்று கிளம்பும்முன் புட்டும் வாழைப்பழமும் எடுத்து, ஈ மொய்க்காமல் மூடி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.