முன் வலது சில்லு

எங்கள் ஊரில் ரயர்களுக்கு இரண்டே பருவங்கள்தான்: கோடையும் மாரியும். இறக்குமதித் தடையால் புது ரயர் கிடையாத எழுபத்துமூன்றாம் ஆண்டில், அச்சுவேலியில் கார் வைத்திருந்தவர்கள் கோடை முழுவதும் மொட்டை ரயர்களில் ஓடினார்கள். ஓரளவு நல்லவற்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்து, ஐப்பசி பிறந்ததும் என் ரயர் கடைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளும் புறமும் தடவிப் பார்த்துத்தான் பூட்டுவேன். பன்னிரண்டு வருடமாக ஒருவரும் குறை சொன்னதில்லை.

சீவரத்தினம் ஒருவர்தான் நான் பார்த்துப் பூட்டிய கார்ச் சில்லை மறுபடி பார்ப்பார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, ரயரின் வெட்டுப்பள்ளம் இன்னும் எவ்வளவு ஆழம் என்று அளப்பார். பிறகு கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்க, "இராசநாயகம், இந்தமுறை நீர் பாஸ்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த வருடம் அவருடைய ஒஸ்ரின் காருக்கென்று ஒரு ரயரைத் தயார்செய்தேன். வெளியே அருமையான வெட்டு. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு நூல் அறுந்திருந்தது. அதன்மேல் கன்வஸ் துண்டொன்றை ஒட்டினேன். பின்சில்லில் போட்டால் ஆபத்துக் குறைவு. ஆனால் முதுகு நோவால் பின்சில்லுகளை அவர் குனிந்து பார்ப்பதில்லை. முன் வலதைத்தான் கவனமாக அளப்பார். ஆகவே முன் வலதில் பூட்டினேன்.

அளந்தார். முகம் மலர்ந்தது.

"உது திறமான சாமான். ஒளிச்சு வைச்சிருந்தனீரோ?"

"உங்களுக்கெண்டுதான் வைச்சனான், ஐயா."

வெள்ளிக்கிழமைகளில் கரவெட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார். வழியில் வல்லை வெளியில் ஒதுங்க ஒரு மரமில்லை. அங்கே ரயர் போனால் ஒரு மணித்தியாலம் மழையில் நனைவார். நான் எதிர்பார்த்தது அவ்வளவே. ரயர் வெடித்து, கார் இரண்டு முறை புரண்டு, தெருவோரக் கடல்நீரேரியின் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தோடம்பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி பூரணம் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். சீவரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மிலை ஒரு பிழையுமில்லை, தம்பி. நான்தானே அளந்து பாத்தனான். என்ரை கண்தான் பிழைச்சுப் போச்சு."

"ஊரெல்லாம் உங்களைத்தான் பேசினது," என்றார் பூரணம். "இவர்தான் எல்லாரிட்டையும் சொல்லி மறிச்சவர்."

நோயாளியோடு வாதாடுவது முறையல்ல. பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன்.

அந்த ரயரின் நிலையை அறிந்தே பூட்டினேன். அதை நான் மறைக்கவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. இதைக் கேட்டெழுதும் நீங்கள், அவர்மீது எனக்குக் கோபம் இருந்ததென்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

திருத்தி எடுத்த ஒஸ்ரினை இப்போது ஓட்டுவது அவருடைய மருமகன். நல்ல பிள்ளை, மரியாதையானவர். போன கிழமை நான் ரயர் மாற்றி முடித்த பிறகு, நான்கு சில்லையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். அவரிலும் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.