டாக்டர் ரெஜினால்டுக்கு நீங்கள் தராத ஐந்து நிமிடம்

மேடையிலுள்ள பங்குத்தந்தை அவர்களே, நம் நலச்சங்கத் தலைவர் திரு. ரொனால்ட் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை கிளாரிசா, பாச்சாங்கிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! பிரிஜிட் டீச்சரின் வணக்கம்.

நம் டாக்டர் ரெஜினால்ட் போய்விட்டார். தஞ்சோங் கிளிங் மீனவர் வீட்டில் பிறந்து, பாச்சாங்கில் வைத்தியம் பார்த்து, ஞாயிறு தவறாமல் தோட்டத் தொழிலாளர்களைப் பார்க்கப் போனவர். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். இன்று யாரும் எவ்வளவு நேரமும் பேசலாம் என்று தலைவர் அறிவித்தார். என்ன பெருந்தன்மை! இதே மேடையில் டாக்டர் ஐந்து நிமிடம் கேட்டபோது அது எங்கே போயிருந்தது?

எதற்காகக் கேட்டார்? சென்ற ஆண்டு இந்த மண்டபத்தில் நம் சங்கம், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு இலவச இரத்தப் பரிசோதனை நடத்தியது. ஆயிரம் பேர் விரலை நீட்டினோம். பன்னிரண்டு பேருக்கு நோய் இருப்பதாகப் பரிசோதனை அட்டை காட்டியது. அதில் நான் ஒருத்தி.

வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலைச் சாப்பாடு. எங்கள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் பொட்டலம்!

"டீச்சர், உங்களுக்கு புங்குஸ் பண்ணிட்டோம் லா. வீட்டுல போய் நிம்மதியா சாப்பிடுங்க" என்று ஒரு பெண் சிரித்தபடி கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள். பொட்டலம் ஏந்தி வெளியேறியவர்கள் யார் யார் என்று மண்டபமே பார்த்தது. காலமான என் கணவர் ஜெயராஜ் கப்பலில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்தில் எதை வாங்கி வந்தாரோ என்று பேசினீர்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா? பன்னிரண்டு பேரில் இன்னொருத்தி, கிளேபாங்கில் இடியாப்பம் விற்ற முனியாயி; அவள் கடைக்கு ஆள் வருவது நின்றது.

மருத்துவமனையில் மறுபரிசோதனை செய்தார்கள். எனக்கு நோய் இல்லை. வந்துபோன தடயமும் இல்லை. முனியாயிக்கும் அப்படியே. தலைவரிடம் போய்ச் சொன்னேன். என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை அல்லவா!

"அந்த டெஸ்ட் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரி, டீச்சர். முடிஞ்சு போனத எதுக்குக் கிளறணும்?" என்றார்.

அந்தோனியார் திருநாளன்றும் என் வீட்டுக்குப் பொட்டலமே வந்தது. டாக்டர் வந்தார். அதைப் பிரித்தார். என் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டார்.

"உப்பு கம்மி, டீச்சர்" என்றார். பிறகு சொன்னார்: "எங்கப்பாகிட்ட இருந்தது ஒரே வலைதான். மீன் கூட்டத்துல வீசினா மீனா வரும். மீன் இல்லாத எடத்துல வீசினா குப்பைதான் வரும். வலை கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்? கடல் வேற, அவ்வளவுதான்."

அவர் சொன்ன கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இந்தப் பரிசோதனை நோயுள்ள நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற நூறு பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும். போதை ஊசிப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் இடத்தில், ஆயிரத்தில் ஐந்நூறு பேருக்கு நோய் என்று வையுங்கள். நானூற்றுத் தொண்ணூற்றைந்து பேரைச் சரியாகவும் ஐந்து பேரைத் தவறாகவும் பிடிக்கும். அங்கே அட்டையை நம்பலாம். நம் ஆயிரம் பேரில், மறுபரிசோதனைப்படி, நோயாளிகள் இருவர்தான். இருவரையும் பிடித்தது. இருவரும் மாத்திரை தின்று குணமானார்கள்; டாக்டர் அதில் மகிழ்ந்தார். மீதிப் பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால் எத்தனை? பத்துப் பேர்! பன்னிரண்டு பொட்டலத்தில் பத்து, நோயில்லாதவர் கையில்! அட்டை 'இல்லை' என்று காட்டியவர்களில் அநேகமாக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இதைச் சொல்லத்தான் திருநாள் மேடையில் ஐந்து நிமிடம் கேட்டார். மறுத்தீர்கள். மறுபடியும் கேட்டார். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு நேரம் இருந்தது. இப்போது அவரால் பேச முடியாது. மேடை முழுவதையும் அவருக்குத் தந்துவிட்டீர்கள்!

உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்த கை இது. இந்தக் கைக்குப் பக்கத்தில் இலை போட அஞ்சினீர்கள். அந்நியர் செய்திருந்தால் மறந்திருப்பேன். நீங்கள் செய்தீர்கள்.

டாக்டர் விட்ட வேலையை நான் செய்வேன். அடுத்த முகாமில் அட்டை 'ஆம்' என்று காட்டும் ஒவ்வொருவர் அருகிலும் உட்காருவேன். மறுபரிசோதனை முடியும்வரை அது நோய் ஆகாது என்று சொல்வேன். இந்த மண்டபத்தில் இனி யாருக்கும் தனிப் பொட்டலம் கட்ட விடமாட்டேன்.

பக்கத்து அறையில் இலை போட்டிருக்கிறார்கள். முதல் வரிசையில் நானும் முனியாயியும் உட்காரப் போகிறோம். என் வலப்பக்கத்து இலை டாக்டர் ரெஜினால்டுடையது. அவரைப் புகழ்ந்தவர்களில் ஒருவர் வந்து அதில் சாப்பிட வேண்டும்.

ரொனால்ட், நீ வா.