கல்லுக்கும் பஞ்சுக்கும் நடுவே எங்கள் அண்ணன்

பந்தயக் கொடியை இன்றொரு மாலையாவது கையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுத் தலைமை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! ஓட்டம் முடிந்ததும் எங்கள் கார்களின் அடியில் விளக்கடித்துப் பார்த்து எங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும் நடுவர் பெருமக்களே! கிரீஸ் படிந்த கையைக் கழுவாமலே கைகுலுக்கிக் கனிவு காட்டும் மெக்கானிக் தோழர்களே! பிள்ளைகள் ஹெல்மெட் மாட்டும்போது இரு கண்ணையும் மூடிக்கொண்டு, கொடி விழுந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறக்கும் தாய்மார்களே! உங்கள் சக்கரங்கள் நான்கும் தரையிலேயே நிலைக்கட்டும் என்று வாழ்த்தி, வணங்கித் தொடங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, பந்தயக் காருக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. அதோ, கடைசி வரிசையில் ஒருவர் எழுகிறார். உட்காருங்கள் ஐயா, கணக்குப் போட மாட்டேன். எங்கள் வீட்டுச் சண்டையைத்தான் சொல்லப்போகிறேன். பாருங்கள், வெளியே போனவர்கள்கூட உள்ளே வருகிறார்கள்!

நான் தொழிலால் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். ஏறியவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவது என் கடமை. ஆனால் எங்கள் ரேஸ் காரில் ஏறிய என் அண்ணனைப் பத்திரமாக இறக்க முடிந்ததா? அதுதான் கதை.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். ஓட்டுவது அவர். காரைத் தயார் செய்வது நான். கார், முன்சக்கரம் இழுக்கும் சின்ன ஹேட்ச்பேக். வாங்கியபோது காய்கறிக் கூடை ஏற்றிப் பழகிய கார் அது. திருப்பத்தில் அது சாய்கிற சாய்வைப் பார்த்தால், ஓட்டுகிறவர் கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிகிறார் என்று நினைப்பீர்கள்.

உடனே அண்ணன் முடிவெடுத்தார். கடையிலேயே மிக விறைப்பான ஸ்பிரிங்குகளாகப் பார்த்து நான்கு மூலைக்கும் போடச் சொன்னார். விறைப்பு என்றால் வேறொன்றுமில்லை தாய்மார்களே. ஒரு ஸ்பிரிங்கை விரற்கடை அளவு அமுக்க எத்தனை எடை வைக்க வேண்டும், அதுதான் விறைப்பு. கொஞ்சம் எடைக்கே இறங்கினால் மெத்தை. எவ்வளவு வைத்தும் இறங்காவிட்டால், எங்கள் அண்ணன்.

நான் தயங்கினேன். அவர் சொன்னார்: "ரேஸ் காருன்னா கல்லு மாதிரி இருக்கணும். நீ மாட்டு."

மாட்டினேன். கார் கல்லாயிற்று! கல் சாயுமா? சாயவில்லை. கல் குனியுமா? குனியவில்லை. ஆனால் கல்லைத் தரையில் எறிந்தால் என்ன செய்யும்? துள்ளும்! ஓடுதளத்தின் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளியது. ஒவ்வொரு பள்ளத்திலும் பறந்தது. டயர் தரையைத் தொட்டால்தானே பிடிமானம்? எங்கள் டயர் தரையைத் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் எப்போதாவது பார்த்துவிட்டுப் போயிற்று. மற்றவர்கள் ஓட்டினார்கள். நாங்கள் தாவினோம்.

இறங்கியபோது அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த அடைப்பு விழுந்துவிட்டது. அதை அடைத்தவர் யார்? எங்கள் அண்ணி. அவர் பல் மருத்துவர். அண்ணி விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஸ்பிரிங் போட்டீர்கள் என்றுதான் கேட்டார்.

கல் கைவிட்டால் மனிதன் என்ன செய்வான்? நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பான். அண்ணன் பார்க்கவில்லை. கல் வேண்டாம், பஞ்சைப் போடு என்றார். கடையிலேயே மிக மெத்தென்ற நான்கு ஸ்பிரிங்குகள் வந்தன. இது அதைவிட ஆபத்து என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பந்தயம். பிரேக்கைத் தொட்டால் கார் மூக்கைத் தரையில் தேய்த்து வணங்கியது. வேகம் கொடுத்தால் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. நீண்ட திருப்பமொன்றில் சாய்ந்தது, சாய்ந்தது, இனிச் சாய இடமில்லை என்னும் மட்டும் சாய்ந்து, ஸ்பிரிங் அதற்குமேல் அமுங்காமல் தடுக்கிற முட்டு ரப்பரில் போய் இடித்தது. அந்த நொடியில் ஸ்பிரிங் செத்தது, ரப்பர்தான் மிச்சம். முன்டயர் பிடியை விட்டது. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். நேரே ஓரத்து மணலில் போய்ப் புதைந்தது.

சிரிக்காதீர்கள், இந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் சுழன்று அடித்ததில் அவர் மணிக்கட்டு பிசகிவிட்டது. வேலிக்கு வெளியே இருந்து ஓடியவள் நான். என் கையிலிருந்த ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அண்ணி சத்தம் போடவில்லை. கட்டுப் போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு ரேஸ். அதுலயும் இப்படி மண்ணுல போய் நின்னா, இந்த வீட்ல ரேஸ்ங்கற பேச்சே இருக்கக்கூடாது."

அதன்பின் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. மாட்டினது நீ என்றார் அவர். கேட்டது நீ என்றேன் நான். ஒரே பட்டறைக்குள், ஒரே காரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அண்ணிக்குத் தொலைபேசி அடித்துப் பேசிக்கொண்டோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று அவர் அண்ணியைக் கேட்பார். அவர் காலடியில் என்று நான் அண்ணியிடம் சொல்வேன். நடுவில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருப்பார்.

பொறுத்துப் பார்த்த அண்ணி ஒரு நாள் என்னை மருத்துவமனைக்கு வரச் சொன்னார். போனால், சாய்வு நாற்காலியில் அண்ணன் மல்லாந்து கிடக்கிறார். அதே கடைவாய்ப் பல். வாய் நிறையப் பஞ்சு, உதட்டில் எச்சில் உறிஞ்சும் குழாய், மேலே கண்கூச வைக்கும் விளக்கு. அண்ணி முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இப்ப சொல்லு. இவரால பதில் பேச முடியாது."

பெரியோர்களே! என் வாழ்நாளில் அண்ணன் நான் பேசியதை முழுதாகக் கேட்டது அன்றுதான்!

சொன்னேன். நம் காரில் முன்சக்கரந்தான் இழுக்கிறது, முன்சக்கரந்தான் திரும்புகிறது, பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்சக்கரத்தின் தலையில்தான். இத்தனையும் சுமக்கிறவனைக் கல்லின்மேல் உட்காரவைக்கலாமா? முன்னால் டயர் தரையை விடாத அளவு இளக்கம் வேண்டும். முட்டு ரப்பரில் இடிக்காத அளவு விறைப்பும் வேண்டும். பின்னால் அப்படியில்லை. பின்ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், திருப்பத்தில் முன்டயருக்குப் பளு குறையும், வால் சுற்றி வரும், மூக்கு திருப்பத்துக்குள் நுழையும். உள்பக்கத்துப் பின்சக்கரம் விளக்குக் கம்பத்தருகே நாய் காலைத் தூக்குவதுபோல் கொஞ்சம் தூக்கும். தூக்கட்டும், அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

அண்ணன் "ஆ" என்றார். ஆமாம் என்றாரோ, வலிக்கிறது என்றாரோ, அண்ணியே அறிவார்.

பிறகு அளந்தோம். நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து எடை பார்த்தோம். அண்ணனை உள்ளே உட்காரவைத்துத்தான் பார்த்தோம். ஓடும்போது அவரும் சுமைதானே? சக்கரம் ஒரு சாண் ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தோம், இரண்டும் ஒன்றல்ல. ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டினேன். கார் எவ்வளவு இறங்கியதோ அதுவரை வளையம் தள்ளப்பட்டு நிற்கும். அண்ணன் ஓட்டிவிட்டு வந்து, "இடிக்கவே இல்ல" என்பார். வளையம் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சமயத்தில் ஒரு ஜோடி மட்டும் மாற்றினோம். மாற்றி ஓட்டி, ஓட்டி மாற்றி, முன்னால் நடுத்தரம், பின்னால் விறைப்பு என்று வந்து நின்றோம்.

பந்தய நாள் காலை ஒத்திகையில் கார் என்னமாய் ஓடியது! மேட்டில் துள்ளவில்லை. திருப்பத்தில் தூங்கவில்லை. மூக்கைக் காட்டிய இடத்தில் உடம்பும் போயிற்று. அண்ணன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் மறுபடி அண்ணன் தங்கை ஆனோம்.

அப்போது பெய்தது மழை.

எல்லாரும் மழை டயரை மாட்டினார்கள். நாங்களும் மாட்டினோம். அண்ணன் காரைவிட்டு இறங்கி என்னிடம் வந்து, பின்ஸ்பிரிங்கை இளக்கமானதாக மாற்று என்றார். எனக்குச் சுருக்கென்றது. அளந்து அளந்து நான் கண்டுபிடித்த ஸ்பிரிங் அல்லவா? மாற்ற மாட்டேன் என்றேன். சபையோரே, வேடிக்கையைப் பாருங்கள்! கல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் இளக்கம் கேட்கிறார். கல்லை மாட்டத் தயங்கியவள் கல்லைப்போல் நிற்கிறேன்!

அவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "நீ அளந்தது காய்ஞ்ச ரோட்டை. தண்ணியில பின்பக்கம் வழுக்கிட்டா என்னால பிடிக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

நான் பிறந்ததிலிருந்து அறிந்த அண்ணன் அவர். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. மணலில் புதைந்தபோதும் வராத சொல், மழையில் வந்தது.

காரடியில் ஜாக்கியைத் தள்ளினேன். அண்ணி குடை பிடித்தார். குடை எனக்கா, ஸ்பிரிங்குக்கா என்று கேட்டேன், ஸ்பிரிங்குக்குத்தான் என்றார். பழையதைக் கழற்றி, ஒரு படி இளக்கமானதை மாட்டி, நட்டை முறுக்கி முடிப்பதற்குள் வரிசைக்கு வரச்சொல்லிச் சங்கு ஊதிவிட்டது.

ஓட்டம் தொடங்கியது. முதல் திருப்பத்தில் ஒரு கார் சுழன்றது. அடுத்ததில் இன்னொன்று. அதிலிருந்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொள்கிறார், நான் சொல்ல மாட்டேன். அதே நீண்ட திருப்பம் வந்தது. அண்ணி என் தோளைப் பிடித்தார். பல் பிடுங்குகிறவரின் பிடி எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் காரின் வால் மெல்ல விலகியது. விலகி, நின்று, திரும்பிவந்து முன்சக்கரத்தின் பின்னால் சேர்ந்துகொண்டது. அண்ணி கையை எடுத்தார்.

வென்றோமா? கோப்பை மூன்று பேருக்கு. நாங்கள் நான்காவது. ஆனால் ஓடுதளத்தை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே இறங்காமல் வந்த நான்காவது!

அண்ணி நனைந்த காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த ரேஸுக்கு நான் பேர் குடுக்கட்டுமா?"

அண்ணன் வாயைத் திறந்தார். பஞ்சு இல்லாமலே பேச்சு வரவில்லை.

அன்பு நெஞ்சங்களே! விறைப்பு வீரமாகிவிடுமா? இளக்கம் இழிவாகிவிடுமா? எந்த ஸ்பிரிங் சிறந்தது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தச் சாலை? எந்த வானம்? உள்ளே உட்காருகிறவர் யார், அவருக்கு எங்கே பயம்? அதைக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். கேட்காமல் எடுத்தவர்கள் கல்லில் துள்ளினார்கள், பஞ்சில் புதைந்தார்கள்!

என்னை நீங்கள் விடுவிக்க வேண்டும். அண்ணி அண்ணனைவிட எடை குறைவு, பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறார், திருப்பத்தில் இரக்கமே காட்டுவதில்லை. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கவேண்டியிருக்கிறது. பட்டறையில் அண்ணன் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பேச அழைத்த மன்றத்துக்கும், ஒலிபெருக்கி கரகரக்காமல் காத்த தம்பிக்கும், வீட்டுச் சண்டையைக் கொட்டாவி விடாமல் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.