பிளேடு தெரியணும்

இருந்தவர்கள்: தச்சர், அவர் வீடியோக்களில் கைகள் மட்டும்தான் தெரியும். வீடியோ எடுக்கிற மைத்துனன், அதாவது தச்சர் மனைவியின் தம்பி. முன்பின் தெரியாத ஒரு தையல்காரர்.

தையல்காரர்: …அதான் சொல்றேன். மத்தவங்க வீடியோவுல வாய்தான் வேலை செய்யுது. உங்களுதுல கை.

மைத்துனன்: வீட்லயும் அப்படித்தான். எங்க அக்காவைக் கேளுங்க, மாமா வாயே திறக்க மாட்டாரு.

தச்சர்: சும்மா இருடா… உட்காருங்க. எதைப் பார்த்தீங்க?

தையல்காரர்: முக்காலி செய்யறது. பிளேடு கோட்டைத் தொடுற இடம்… தூள் பறக்குறது… அந்தச் சத்தம். தூக்கம் வரலைன்னா அதைத்தான் போடுவேன். பார்த்துப் பார்த்து, நாமளே ஒண்ணு செஞ்சா என்னன்னு…

மைத்துனன்: செஞ்சீங்களா! போட்டோ இருக்கா?

தையல்காரர்: ரெண்டு கால் முடிஞ்சுது.

மைத்துனன்: மூணாவது?

தையல்காரர்: …பாருங்க. இந்தக் கை.

மைத்துனன்: ஐயோ, விரல்!

தச்சர்: …கத்தரிக்கோல் பிடிக்கிற கையா?

தையல்காரர்: பிடிச்ச கை. சண்டைக்கு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

மைத்துனன்: சட்டுனு கேளுங்க, வேலை கிடக்கு.

தையல்காரர்: நான் வாங்கின மரம் அறுக்குற மெஷின்ல பிளேடு மேல ஒரு கவர் இருந்துச்சு. உங்களுதுல எந்த வீடியோவுலயும் இல்ல. வேலை தெரிஞ்சவங்க கழட்டிடுவாங்க போலன்னு நானும் கழட்டிட்டேன். எப்பவுமே கவர் இல்லாமத்தான் அறுப்பீங்களா?

மைத்துனன்: எப்பவும்தான். இல்லன்னா பிளேடு எப்படித் தெரியும்?

தையல்காரர்: அவரைக் கேட்டேன் தம்பி. உனக்கெதுக்கு இந்த வேலை, உன் கை லட்சணம் அப்படின்னு வீட்ல சொல்றா. கை தப்பா, கவர் தப்பா… அது தெரிஞ்சா போதும். உங்ககிட்ட வேற எதுவும் கேக்க மாட்டேன்.

தச்சர்: …எப்பவும் அப்படித்தாங்க. கை பழகிப்போச்சு.

தையல்காரர்: அப்ப அவ சொன்னதுதான் சரி… வர்றேங்க.

மைத்துனன்: படி பார்த்து இறங்குங்க.

தச்சர்: போயிட்டாரா?

மைத்துனன்: தெரு திரும்பிட்டாரு. தண்ணி குடிங்க மாமா, மூஞ்சியே சரியில்ல.

தச்சர்: கதவைச் சாத்து.

மைத்துனன்: சாத்திட்டேன்.

தச்சர்: பூட்டு.

மைத்துனன்: பூட்டியாச்சு. மிச்சப் பலகைக்கு கேமரா வைக்கட்டா?

தச்சர்: வேணாம். இது வெறும் வேலை.

மைத்துனன்: அப்ப…

தச்சர்: அப்ப என்ன? எப்பவும் போலத்தான். கவரை எடுத்து மாட்டு.