சோற்றோடு தின்ற செலரிக் கிழங்கு

என் சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்காக என்னோடு சண்டை பிடிக்கும் பிள்ளைகளே, இன்று நம் சில்க்போர்க் நகர பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு தமிழர் கதைத்ததைக் கேளுங்கள்.

“ஒவ்வொரு நாளும் செலரிக் கிழங்குதான் தின்னுறன். சீனி இறங்கேல்லை. இனி ஊசி போடவேணுமாம்,” என்றார் மூத்தவர்.

“எதோட தின்னுறியள், அண்ணை?” என்றார் மற்றவர்.

“சோத்தோடதான். உருளைக்கிழங்குக்குப் பதிலா இதைத் தின்னச் சொல்லி டொக்டர் சொன்னவ. நான் உருளைக்கிழங்குக் கறியை மாத்தினன்.”

“இந்த நாட்டுச் சனத்துக்கு உருளைக்கிழங்குதானே சோறு. நீங்கள் சோத்தையெல்லோ மாத்தியிருக்கவேணும்.”

மூத்தவர் சிரித்துவிட்டார். “பாவம், அவ என்ர சோத்துக் கோப்பையைக் கண்டிருக்க மாட்டா. ஊசிக்கு முதல் சோத்தைக் குறைச்சுப் பாக்கட்டோ எண்டு அவவையே கேக்கிறன்.”

வீட்டுக்கு வந்து, நீங்கள் பள்ளியால் வர முன்னரே, எனக்கென்று அளந்த அரிசியில் பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் கொட்டினேன்.